கொட்டகலை திரையில் சரியாக வருகிறதா?

தேயிலைத் தொழிற்சாலையில் இரவு முழுக்க வேலை நடக்கும். விடிந்ததும், புதிதாக வந்த தூளை டீமேக்கர் ருசி பார்ப்பார். நீண்ட மேசையில் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூடி போட்ட ஒரு சிறு குடுவை. தூளை நிறுத்துப் போட்டு, கொதிநீர் ஊற்றி, மணி பார்த்துக் காத்திருந்து, சாயத்தைக் கிண்ணத்தில் வடித்து, வெந்த இலையை மூடியின்மேல் கவிழ்த்து வைப்பார்கள். கரண்டி எடுப்பது, உறிஞ்சுவது, துப்புவது, தீர்ப்புச் சொல்வது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த முன்வேலைகளுக்கென்றே உலகத் தரம் ஒன்று இருக்கிறது. 1980இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 3103. நூறு மில்லிலீட்டர் தண்ணீருக்கு 2 கிராம் தூள்; நிறையில் 2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது; பல்வெட்டு விளிம்புள்ள பீங்கான் குடுவை; மூடி வைத்து 6 நிமிடம். இதே முறைக்கு பிரித்தானியத் தர நிறுவனம் ஆறு பக்கத்தில் எழுதிய ஆவணத்துக்கு 1999இல் இக்நோபல் பரிசு கொடுத்து, தேத்தண்ணி போட ஆறு பக்கமா என்று உலகம் சிரித்தது. ஆனால் அந்த ஆறு பக்கத்தில் ஒரு சிறந்த கருத்து இருக்கிறது. நல்ல தேநீர் போடுவது எப்படி என்று அது எங்கேயும் சொல்லவில்லை. ஆறு நிமிடம் ஊறிய சாயம் பலருக்குக் கசக்கும். எங்கே யார் போட்டாலும் ஒரே மாதிரித் தேநீர் வருவது எப்படி என்பதை மட்டுமே அது சொல்கிறது. கிண்ணத்துக்குக் கிண்ணம் ருசி மாறினால் இலையைத் தவிர வேறு எதன்மேலும் பழி விழக்கூடாது. அதுதான் அதன் நோக்கம்.

அவ்வளவு கவனமாக இருந்தும் மலைநாட்டில் ஒன்று கைமீறிப் போகிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 300 மீட்டர் ஏற ஏற, தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை ஒரு பாகை குறையும். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகைக்குச் சற்று முன்பின்னாகவே கொதித்துவிடும். ஹட்டனில் 96 அளவில். கொழும்புத் தரகரின் ருசி அறையில் 100. அதே தூள், அதே எடை, அதே ஆறு நிமிடம். ஆனாலும் மேலே போட்ட சாயமும் கீழே போட்ட சாயமும் ஒன்றாக இருக்க முடியாது. மலையில் போட்ட கிண்ணத்தை மலையில் போட்ட கிண்ணத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

மென்பொருள் எழுதுகிறவர்கள் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: “என்னுடைய கணினியில் சரியாகத்தானே ஓடுகிறது?” அவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுடைய தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது, நம்முடையது 94இல்.

மலையகத்துக்கு மென்பொருள் தூரத்து விஷயம் இல்லை. 1883 ஜூலை 30 அன்று தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின் நடுவே, இணையத்துக்கு மாறியது. நூற்று முப்பத்தாறு ஆண்டுகள் வாயால் கூவி விலை கேட்ட வியாபாரம் திரைக்கு வந்தது. ஏலத்தின் அந்தக் கோடியில் இப்படியென்றால், இந்தக் கோடியில் கொழுந்து நிறுப்பதும் செக்ரோல் எனும் வரவுப் பதிவேடு எழுதுவதும் சம்பளச் சீட்டு அச்சாவதும் மெல்ல மெல்லக் கணினிக்குப் போகின்றன. செக்ரோலில் ஒரு நாளுக்கு முழுநாள் வேலைக்கான ‘பேர்’ விழுவதும் பாதிநாளுக்கான ‘அரைப்பேர்’ விழுவதும் ஒரு குடும்பத்தின் மாதச் சாப்பாட்டைத் தீர்மானிக்கும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தபோது, சம்பளக் கணக்குப் போடும் ஒவ்வொரு நிரலிலும் யாரோ ஓர் எண்ணை மாற்றியிருக்க வேண்டும். அப்படி ஒன்றை மாற்றும்போது வேறு பத்து இடம் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மனிதர் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு திரையாகத் திறந்து பார்க்கலாம்தான். ஆனால் மாதத்துக்கு நான்கு தடவை மாற்றம் வந்தால் நான்காம் தடவை அவர் கண் சோர்ந்திருக்கும்.

அதனால் அந்த வேலையை இன்னொரு நிரலிடம் கொடுக்கிறோம். அது தானே மவுஸை நகர்த்தும், பெயரைத் தட்டச்சிடும், பொத்தானை அழுத்தும், திரையில் வந்ததைப் பார்த்துச் சரி பிழை சொல்லும். இணையப் பக்கங்களுக்கு இப்படிச் செய்யும் செலினியம் கருவியை ஜேசன் ஹக்கின்ஸ் 2004இல் எழுதத் தொடங்கினார். 2009இல் எம்.ஐ.டி.யிலிருந்து சிக்குலி வந்தது. அழுத்த வேண்டிய பொத்தானின் படத்தைக் கொடுத்தால் போதும், திரையில் தேடிக் கண்டுபிடித்து அழுத்தும். கருவிகளுக்குக் குறைவில்லை. சிக்கல் அவை ஓடும் இடத்தில் இருக்கிறது.

நேற்று இரவு தேறிய சோதனை இன்று இரவு தவறுகிறது. நிரலில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. மறுபடி ஓட்டினால் தேறிவிடுகிறது. இதைத் துறையில் ஃப்ளேக்கி என்பார்கள். கூகுள் நிறுவனம் 2016இல் சொந்தக் கணக்கை வெளியிட்டது. அவர்களுடைய சோதனைகளில் ஏறக்குறைய 16 சதவீதத்தில் இந்தக் குணம் ஏதோ ஓர் அளவில் இருந்தது. மொத்த ஓட்டங்களில் 1.5 சதவீதம் இப்படி நம்ப முடியாத முடிவைத் தந்தன. 1.5 சதவீதம் சிறிதாகத் தெரியலாம். இருநூறு சோதனை இருக்கும் ஒரு நிரலில், ஒவ்வோர் இரவும் சராசரியாக மூன்று பொய் எச்சரிக்கை என்று அதற்கு அர்த்தம். ஒரு மாதத்தில் அந்தக் குழு, சிவப்பு விளக்கு எரிந்தால் “இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள்” என்று சொல்லப் பழகிவிடும். உண்மையான பிழை வரும் இரவிலும் அதையேதான் சொல்வார்கள். தவறான சோதனையைவிட நம்பிக்கை இழந்த சோதனை ஆபத்தானது என்றே நான் நினைக்கிறேன். தவறானதைத் திருத்தலாம். நம்பிக்கை இழந்ததை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

ஆகவே சோதனைக்கு முன்னால் ஓர் இடம் கட்ட வேண்டும். லினக்ஸில் கட்டுவதை எடுத்துக்கொள்வோம். அங்கே உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும்.

முதலில் ஒரு தனித் திரை. 1984இல் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் விண்டோ அமைப்பு, திரையை ஒரு சேவையாக நினைத்து வடிவமைக்கப்பட்டது. “இங்கே ஒரு கட்டம் வரை, அங்கே ஓர் எழுத்து போடு” என்று நிரல் கேட்கும். எக்ஸ் சேவையகம் வரையும். கேட்கிற நிரலுக்கு மறுபுறத்தில் கண்ணாடித் திரை உண்டா இல்லையா என்பது தெரியாது. இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்திக்கொள்வதுதான் எக்ஸ்விஎஃப்பி. கேட்டதையெல்லாம் நினைவகத்தில் வரைந்து வைத்துக்கொள்ளும், வெளியே எதையும் காட்டாது. 1366க்கு 768 அளவில், ஒரு புள்ளிக்கு நான்கு பைட் வீதம் பார்த்தால், முழுத்திரையும் 41,96,352 பைட். ஏறத்தாழ நான்கு மெகாபைட். செக்ரோல் பக்கம், பெயர்கள், பொத்தான்கள், மவுஸ் அம்பு எல்லாம் அந்த நான்கு மெகாபைட் எண்களுக்குள் அடக்கம்.

தனித் திரையால் வரும் முதல் நன்மை, சோதனையும் மனிதரும் ஒரே மவுஸுக்காக அடித்துக்கொள்ள மாட்டார்கள். சோதனை 99ஆம் எண் திரையில் ஓடும்போது நீங்கள் உங்கள் திரையில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கலாம். இரண்டாவது நன்மை பெரியது. திரையின் அளவும் நிற ஆழமும் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதும் நம் கையில். அங்குலத்துக்கு 96 புள்ளி என்று ஒரு முறை எழுதி வைத்தால், கொழும்பில் ஓடினாலும் ஹட்டனில் ஓடினாலும் 96தான். எழுதாமல் விட்டால் அந்தந்தக் கணினியின் இயல்புநிலை வந்து உட்காரும். இயல்புநிலை ஊருக்கு ஊர் வேறு.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் அடுத்தது. எக்ஸ்விஎஃப்பியைத் தொடக்கிவிட்டு நேரே நிரலை ஓட்டுவார்கள். முதல் பக்கம் வரும். “சேமிக்கவா?” என்று ஒரு சிறு பெட்டி திறந்ததும் எல்லாம் நின்றுவிடும், தட்டச்சிட்ட எழுத்துகள் எங்கோ காணாமல் போகும். காரணம், வெறும் எக்ஸ் திரையில் எந்தச் சாளரம் முன்னால், கீபோர்ட் யாருக்கு என்று தீர்மானிக்க ஆள் இல்லை. அந்த வேலை சாளர மேலாளருடையது. ஓபன்பொக்ஸ், ஐஸ்டபிள்யூஎம் போன்ற சிறிய ஒன்றைப் போட்டால் தீர்ந்தது. சிலர் இதற்காக முழு க்னோம் டெஸ்க்டொப்பையே நிறுவுவார்கள். நான் அதை ஆதரிக்க மாட்டேன். முழு டெஸ்க்டொப் மனிதருக்காகச் செய்யப்பட்டது. பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரையைப் பூட்டும், புதுப்பிப்பு வந்திருக்கிறது என்று மூலையில் அறிவிப்புக் காட்டும், சாளரங்களை அழகாக மிதந்து வரச் செய்யும். சோதனைக்கு இவை ஒவ்வொன்றும் இடைஞ்சல். விண்டோஸில் ஓட்டுகிறவர்களுக்கு இதே பிரச்சினை வேறு உருவில் வருகிறது. தொலைவிலிருந்து அந்தக் கணினிக்குள் நுழைந்து சோதனையைத் தொடக்கி வைத்துவிட்டு இணைப்பைத் துண்டித்தால், அங்கே திரை பூட்டிக்கொள்ளும். மவுஸ் அழுத்தங்கள் வெறும் சுவரில் விழும். “நான் பார்க்கும்போது தேறுகிறது, பார்க்காதபோது தவறுகிறது” என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இனி எழுத்து. நம் மொழியில் மென்பொருள் செய்கிறவர்கள் நின்று நிதானிக்க வேண்டிய இடம் இது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

கொட்டகலை என்ற ஊர்ப்பெயரின் முதல் எழுத்தைப் பாருங்கள். கண்ணுக்கு ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று மூன்று உருவம். யூனிகோடில் அது இரண்டு எண்ணாகச் சேமிக்கப்படலாம்: ககரத்துக்கு 2965, ஒகரக் குறிக்கு 3018. அல்லது மூன்று எண்ணாக: 2965, கொம்புக்கு 3014, காலுக்கு 3006. இரண்டும் சட்டப்படி சமம் என்று யூனிகோடே சொல்கிறது. திரையில் துளி வித்தியாசமும் தெரியாது. ஆனால் “வந்த சொல்லும் எதிர்பார்த்த சொல்லும் ஒன்றா?” என்று சோதனை நேரடியாகக் கேட்டால், ஒன்றில்லை என்று பதில் வரும். ஒரு கீபோர்ட் மென்பொருள் ஒரு விதமாகவும் இன்னொன்று வேறு விதமாகவும் தட்டச்சிடுவதால், பொகவந்தலாவைக் கிளையில் தேறிய சோதனை கொழும்பில் தவறும். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்த வகை தீரும்.

எல்லாம் அப்படித் தீர்ந்துவிடாது. ‘ஸ்ரீ’ என்பதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோட் 4.1இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். முதலாவதின் எண் 3000, இரண்டாவதின் எண் 2998. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவமாகத்தான் வரைகின்றன. ஆனால் யூனிகோட் கணக்கில் இவை சமம் இல்லை. ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வழக்கமான கருவி இதைத் தொடாது. ஔகாரக் குறியின் பின்பாதியும் அப்படித்தான். அது கண்ணுக்கு ளகரம் போலவே இருப்பதால், கௌரி என்ற பெயரை யாரோ கொம்பும் ளகரமுமாகத் தட்டச்சிட்டு வைத்திருப்பார்கள். திரையில் கௌரி, தேடினால் கிடைக்க மாட்டார். சம்பளப் பட்டியலில் தேடிக் கிடைக்காத பெண்ணுக்கு அந்த நாள் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், இந்தச் சோதனைகளை ஏன் எழுத வேண்டும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

சேமிப்பு ஓர் அடுக்கு. அதன்மேல் இன்னும் இரண்டு உண்டு. எண்களை வாங்கி, கொம்பை முன்னால் கொண்டுபோய், காலைப் பின்னால் வைத்து, எந்த உருவம் எங்கே என்று கணக்கிடுவது ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்தமைப்பு நூலகம். அந்த உருவத்தின் வளைவுகளைப் புள்ளிகளாக நிரப்புவது ஃப்ரீடைப். 2016இல் ஃப்ரீடைப் 2.7 வந்தபோது எழுத்தின் ஓரங்களைச் சீர்செய்யும் இயல்பான முறை மாறியது. மனிதர் கண்ணுக்கு அது முன்னேற்றம். முன்பு எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷொட்டோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடும் சோதனைக்கோ, ஒரே இரவில் திரையிலிருந்த எல்லா எழுத்தும் ‘தவறு’.

எழுத்துரு இல்லாமலே போனால் இன்னும் மோசம். புதிதாக நிறுவிய சேவையகத்தில் பெரும்பாலும் தமிழ் எழுத்துரு இருக்காது. திரை முழுக்க வெற்றுக் கட்டங்கள் வரும். ஆனால் நிரலுக்கு உள்ளே எண்கள் சரியாகவே இருப்பதால், உள்ளே இருக்கும் சொல்லை மட்டும் கேட்கும் சோதனை மகிழ்ச்சியாகத் தேறிவிடும். ஒருவர் பெயரும் படிக்க முடியாத சம்பளச் சீட்டுக்குப் பச்சை விளக்கு.

அகலமும் உயரமும் இதில் சேர்ந்தவை. லதா எழுத்துருவில் ஓர் அகலம், லோஹித்தில் வேறு, நோட்டோவில் வேறு. ஆங்கிலத்தில் நான்கு எழுத்துப் பொத்தான் தமிழில் ‘சேமிக்கவும்’ ஆகும்போது, ஓர் எழுத்துருவில் அடங்கும், இன்னொன்றில் கடைசி எழுத்து வெட்டுப்படும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தின் நுனி போனால் அசிங்கம், அவ்வளவுதான். தமிழில் பொருளே போய்விடும். வரி உயரம் குறைந்து மேலே புள்ளி வெட்டுப்பட்டால் ‘பேர்’ என்பது ‘பேர’ ஆகும். வலப்பக்கம் காலின் கோடு மறைந்தால் டிக்கோயா டிக்கோய ஆகும். ககரத்தின் கால் மறைந்தால் ‘கொ’ என்பது ‘கெ’. இதை மனிதர் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். சோதனை கண்டுபிடிக்க வேண்டுமானால், உண்மையான எழுத்துருவில், உண்மையான அளவுத் திரையில், படமாகப் பார்த்தாக வேண்டும்.

நான் பரிந்துரைக்கும் ஏற்பாடு இது: எந்தத் தமிழ் எழுத்துரு என்று ஒன்றைத் தேர்ந்து, அந்தக் கோப்பையே சோதனையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், மற்ற தமிழ் எழுத்துருக்களை அந்தச் சூழலிலிருந்து எடுத்துவிடுங்கள். எழுத்து ஓரங்களுக்கு நிறப்புள்ளி சேர்க்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஹார்ஃப்பஸ், ஃப்ரீடைப் பதிப்புகளை உறைய வையுங்கள்; மாற்ற நினைக்கும் நாளில், அது ஒன்றை மட்டும் மாற்றி, பழைய படங்களையும் புதிய படங்களையும் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பாருங்கள். சோதனைத் தரவில் ‘பெயர் ஒன்று’, ‘பெயர் இரண்டு’ என்று போடாமல், கொட்டகலை, பொகவந்தலாவை, நுவரெலியா, ஹட்டன், டிக்கோயா, ஸ்ரீபாதம், கௌரி என்று போடுங்கள். கொம்பு, கால், கிரந்தம், ஔகாரம், ஸ்ரீ எல்லாம் இந்த ஏழு சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. இந்த ஊர்களே நல்ல சோதனைத் தரவு.

வரைகலை அட்டை உள்ள கணினியும் இல்லாத கணினியும் வளைவுகளை வெவ்வேறாக நிரப்பும் என்பதால், மெசா நூலகத்தின் மென்பொருள் வரைவையே எங்கும் பயன்படுத்தச் சொல்லலாம். கொஞ்சம் மெதுவாக ஓடும்; சோதனைக்கு அது போதும்.

நேரம் இன்னொரு பொறி. சோதனைகள் ஓடும் டொக்கர் போன்ற கொள்கலன்களில் இயல்பான நேரம் கிரீனிச்சுடையது. இலங்கைக்கு ஐந்தரை மணி பின்னால். தொழிற்சாலையின் இரவு ஷிப்டில் அதிகாலை இரண்டு மணிக்கு ஒருவர் வரவைப் பதிந்தால், அந்தக் கடிகாரத்துக்கு அது முந்தைய நாள் இரவு எட்டரை. வரவு முந்தின தேதியில் விழும். பகலில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது. இலங்கைக்கு வேறொரு சிக்கலும் உண்டு. 1996 மே மாதம் நாட்டின் கடிகாரம் கிரீனிச்சுக்கு ஆறரை மணி முன்னால் தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு மணியானது. 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. சேவைக்காலக் கணக்குக்காகப் பழைய பதிவுகளைத் தொடும் நிரலுக்கு, அந்தப் பத்து ஆண்டுகளில் ஒரு தேதியாவது சோதனையில் இருக்க வேண்டும். நேர வலயத்தை ஆசியா, கொழும்பு என்று வெளிப்படையாக எழுதுங்கள். சோதனை நடக்கும்போது ‘இன்று’ எந்த நாள் என்பதையும் ஒரு நிலையான தேதியாகக் கொடுத்துவிடுங்கள்.

ஃப்ளேக்கி சோதனைகளின் மூலகாரணத்தைத் தேடிய ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. அபாச்சி அறக்கட்டளையின் 51 திட்டங்களில், இந்த நோயைத் திருத்திய 201 மாற்றங்களை எடுத்துப் படித்தார்கள். காரணம் வகைப்படுத்த முடிந்தவற்றில் 45 சதவீதம் ஒரே காரணம்: ஒரு வேலை முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கிவிடுவது. பட்டியல் வந்து சேரவில்லை, சோதனை பொத்தானை அழுத்திவிட்டது. இதற்கு அவசர மருந்து ‘மூன்று வினாடி நில்’ என்று எழுதுவது. வேகமான கணினியில் அது வீண்காத்திருப்பு. மெதுவான கணினியில் போதாது. காத்திருப்பதற்கு ஓர் அடையாளத்தைக் குறிப்பிடுவதே சரி: பட்டியலின் கடைசி வரி தெரியும்வரை நில், தெரிந்த கணமே போ, முப்பது வினாடியிலும் தெரியாவிட்டால் தவறு என்று சொல்.

எழுத்துப் பெட்டியில் துடிக்கும் கோட்டைக்கூட விட்டுவிடக் கூடாது. ஜிடிகே வரைகலை நூலகத்தில் அது இயல்பாக 1,200 மில்லிவினாடிக்கு ஒரு முறை தோன்றி மறையும். ஸ்கிரீன்ஷொட் எடுக்கும் கணத்தில் அது தெரிகிறதா மறைந்திருக்கிறதா என்பது தற்செயல். துடிப்பை நிறுத்திவிட்டால் அந்தத் தற்செயலும் போய்விடும்.

எல்லாவற்றையும் படமாகவே பார்க்க வேண்டுமா என்ற கேள்விக்கு எனக்குத் தெளிவான விருப்பம் ஒன்று உண்டு. நோவெல் நிறுவனத்தில் பணியாற்றிய நாகப்பன் அழகப்பன் முன்னின்று வளர்த்த ‘லினக்ஸ் டெஸ்க்டொப் டெஸ்டிங் ப்ரொஜெக்ட்’ வேறு வழியில் போனது. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஓர்க்கா போன்ற மென்பொருள்கள், “இது பொத்தான், இதன் பெயர் சேமிக்கவும், இப்போது அழுத்தலாம்” என்ற தகவலை நிரலிடமிருந்தே கேட்டு வாங்குகின்றன. அந்த அணுகல் வாசல் வழியாகவே சோதனையும் போகலாம் என்பது இந்தத் திட்டத்தின் யோசனை. பொத்தான் பத்துப் புள்ளி நகர்ந்தாலும் சோதனை தடுமாறாது. அதோடு, சோதனையால் எட்ட முடியாத பொத்தான் எதுவோ, அது பார்வையற்ற பயனருக்கும் எட்டாத பொத்தான் என்பது உடனே தெரிந்துவிடும். சோதனையின் படிகளைப் பெயரால் நடத்துங்கள். எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டிய சில இடங்களில் மட்டும் படத்தால் ஒப்பிடுங்கள். சூசே நிறுவனத்தின் ஓபன்கியூஏ, திரை முழுவதையும் ஒப்பிடாமல் ‘ஊசி’ எனப்படும் குறிப்பிட்ட பகுதிகளை மட்டும், எவ்வளவு ஒத்திருக்க வேண்டும் என்ற அளவோடு பார்க்கிறது. தேயிலைத் தரம் எடையில் 2 சதவீதம் விட்டுக்கொடுப்பதும் இதே அறிவுதான். எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். சோதனை தவறிய அன்று அவசரமாகக் கூட்டக் கூடாது.

ஒவ்வொரு சோதனையும் வெறும் தரையிலிருந்து தொடங்க வேண்டும். நேற்றைய சோதனை விட்டுச்சென்ற அரைகுறைக் கோப்பு, நகலெடுத்து ஒட்டாமல் விட்ட சொல், திறந்தே கிடக்கும் சாளரம் எதுவும் மிச்சமிருக்கக் கூடாது. டொக்கர் கொள்கலனோ, மெய்நிகர் கணினியின் உறைந்த பிரதியோ இதற்குப் போதும். 2022 மார்ச் 31 அன்று நாடு முழுக்கப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு இருந்தது. லக்சபான நீர்மின் நிலையமும் காசல்ரீ நீர்த்தேக்கமும் பக்கத்திலிருக்கும் ஹட்டனும் அதற்கு விலக்கில்லை. அப்படிப்பட்ட நாளில் பாதியில் அணைந்த கணினி, மின்சாரம் வந்ததும் பழைய மிச்சத்தோடு எழுந்தால் அதன் முடிவுகளை நம்ப முடியாது. புதிய பிரதியிலிருந்து எழுந்தால் நம்பலாம்.

தவறிய ஒவ்வொரு சோதனைக்கும் அந்தக் கணத்து ஸ்கிரீன்ஷொட்டும் முந்தைய அரை நிமிடத்து ஒளிப்பதிவும் சேமிக்கப்பட வேண்டும். நினைவகத்தில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத திரையைப் பற்றி வாய்வார்த்தையில் சண்டை போடுவதால் பயனில்லை.

இவ்வளவும் கட்டிய பிறகு, மென்பொருளைச் சோதிக்கும் முன் இந்த இடத்தையே சோதியுங்கள். எதையும் மாற்றாமல் அதே சோதனைகளை நூறு தடவை, இரவும் பகலுமாக, இரண்டு வெவ்வேறு கணினிகளில் ஓட்டுங்கள். நூறும் ஒன்றுபோல் வர வேண்டும். தொண்ணூற்றொன்பது போதாது; அந்த ஒன்றின் ஒளிப்பதிவைத் திறந்து காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை மேலே போகாதீர்கள். அதன்பின் வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்துங்கள். நாட்சம்பளத்தில் ஒரு சுழியத்தை எடுத்துவிடுங்கள். எழுத்துருக் கோப்பை நீக்குங்கள். நேர வலயத்தைக் கிரீனிச்சுக்கு மாற்றுங்கள். ‘சேமிக்கவும்’ பொத்தானின் அகலத்தைக் கால் பங்கு குறையுங்கள். நான்குக்கும் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். நான்கும் வெவ்வேறு சோதனையில், வெவ்வேறு செய்தியோடு எரிய வேண்டும். ஏதாவது ஒன்றுக்குப் பச்சை எரிந்தால், உங்கள் சோதனைகள் எந்த இடத்தைப் பார்க்கவில்லை என்பது தெரிந்துவிட்டது. அங்கே ஒரு சோதனை எழுதி, பிழையை எடுத்துவிட்டு, மறுபடியும் நூறு தடவை ஓட்டுங்கள்.